விதையும் ரசீதும்

நண்பர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை காலையில் தவறாமல் டெலிவிஷனில் பிரசங்கம் பார்ப்பார். கவிதை எழுதுகிறவர், விசுவாசி அல்ல. 'பாஷைக்காகப் பார்க்கிறேன்' என்பார். அமெரிக்கப் பிரசங்கியின் வாக்கியம் முடிவதற்குள் அதன்மேல் ஏறிக்கொள்ளும் தமிழ்க் குரல், பணம் கேட்கும் கட்டம் வந்ததும் தாழ்ந்துவிடுவதையும், அதுவரை கட்டளைகளாக வந்துகொண்டிருந்த பேச்சு உருவகங்களாக மாறிவிடுவதையும் அவர்தான் எனக்குச் சுட்டிக்காட்டினார். விதை, அறுவடை, வாசல், மழை. எதற்கு எவ்வளவு என்பது மட்டும் அந்தப் பேச்சில் இராது. அது திரையின் அடியில் எழுத்தாக, இப்போதெல்லாம் ஒரு சதுரக் கட்டமாக, தனியே ஓடிக்கொண்டிருக்கும்.

'இதற்கெல்லாம் அந்த ஊரில் சட்டம் கிடையாதா?' என்று ஒரு நாள் கேட்டார். இருக்கிறது, நிறையவே இருக்கிறது. அதன் சரித்திரத்தைக் கொஞ்சம் படித்துப் பார்த்தேன். வக்கீல்களுக்கு எவ்வளவு சம்பந்தமோ அவ்வளவு சம்பந்தம் இலக்கிய விமர்சகனுக்கும் அதில் உண்டு என்று தோன்றியது. ஒரு பிரதியில் எந்த வாக்கியத்தைப் பார்த்து 'இது உண்மையா?' என்று கேட்கலாம், எதைப் பார்த்து அப்படிக் கேட்பது மடத்தனம் என்று நாம் டீக்கடையில் சண்டை போட்டுக்கொள்கிறோம். அங்கே இதே கேள்வியை ஜூரி முன்னால், ஜெயில் தண்டனையைப் பணயம் வைத்து விவாதித்திருக்கிறார்கள்.

முதலில் ஒன்று சொல்லிவிட வேண்டும். டெலிவிஷன் பிரசங்கி பணம் கேட்பதை அவருடைய பேராசை என்று மட்டும் பார்ப்பது போதாது. அமெரிக்க வானொலியிலும் டெலிவிஷனிலும் வெகுகாலம் மத நிகழ்ச்சிகளுக்கு நிலையங்கள் இலவசமாக நேரம் ஒதுக்கின. பொதுச் சேவை செய்ததாக உரிமம் புதுப்பிக்கும்போது காட்டிக்கொள்ள அது உதவியது. அந்த இலவச நேரம் பெரும்பாலும் பழைய, கௌரவமான சபைகளுக்கே போய்ச் சேர்ந்தது. உரிமம் வழங்கும் ஃபெடரல் கம்யூனிகேஷன்ஸ் கமிஷன் 1960-இல், நேரம் இலவசமாகத் தரப்பட்டதா விற்கப்பட்டதா என்ற வித்தியாசம் இனி தனக்கு முக்கியமில்லை என்று சொல்லிவிட்டது. சும்மா கொடுத்துவந்ததை விற்றாலும் அதே நல்ல பெயர் என்றால் எந்த முதலாளி சும்மா கொடுப்பான்? ஞாயிற்றுக்கிழமை காலைகள் விலைக்கு வந்தன. இலவச வரிசையில் இடம் கிடைக்காமல் வெளியே நின்ற சுவிசேஷகர்கள் வாங்கினார்கள். வாங்கிய நேரத்துக்கான விலையை அந்த நேரத்துக்குள்ளேயே சம்பாதித்தாக வேண்டும். ஆக, பணம் கேட்பது பிரசங்கத்தோடு ஒட்டவைத்த வால் என்று சொல்வதற்கில்லை. பிரசங்கத்தின் நீளமும் தொனியும் உச்சமும் அதையொட்டியே உருவாயின. அந்த உருவத்தை உண்டாக்கியதில் அரசாங்கத்துக்கும் பங்கு உண்டு.

டெலிவிஷனுக்கு முன்பே இந்தப் பிரச்னை ஒரு கிராமபோன் வடிவத்தில் வந்தது. யெகோவாவின் சாட்சிகளைச் சேர்ந்த கேண்ட்வெல் என்பவரும் அவருடைய இரண்டு மகன்களும் கனெக்டிகட் மாநிலத்து நியூ ஹேவனில், கத்தோலிக்கர்கள் மிகுந்த ஒரு தெருவில், கத்தோலிக்கச் சபையைத் தாக்கும் இசைத்தட்டைப் போட்டுக் காட்டிப் புத்தகம் விற்றார்கள், நன்கொடை கேட்டார்கள். ஒரு காரியம் மெய்யாகவே மத சம்பந்தமானதுதான் என்று ஓர் அதிகாரி சான்று தந்தால்தான் அதற்காகப் பணம் திரட்டலாம் என்பது மாநிலச் சட்டம். 1940-இல் உச்ச நீதிமன்றம் இது செல்லாது என்றது. ஏமாற்றினால் தண்டியுங்கள், ஆனால் எது மதம் என்று ஓர் அதிகாரி மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து முன்கூட்டியே முத்திரை குத்த வேண்டாம். நான் இதை முழுக்க ஒப்புக்கொள்கிறேன். மேஜைக்குப் பின்னால் உட்கார்கிறவன் என்ற முறையிலும்.

'ஏமாற்றினால்' என்ற சொல்லில்தான் சிக்கல் எல்லாம். நான்கு வருஷம் கழித்து வந்த பாலர்ட் வழக்கு அந்தச் சொல்லைப் பிரித்துப் பார்த்தது. கை பாலர்ட் என்பவர், கலிபோர்னியாவின் ஷாஸ்டா மலையில் ஸெயின்ட் ஜெர்மேன் என்ற சித்த புருஷர் தமக்குக் காட்சி தந்ததாகச் சொல்லி, 'நானே' என்ற பொருள்படும் பெயரில் ஓர் இயக்கம் நடத்தியவர். 1939-இல் இறந்துபோனார். பிறகு அவர் மனைவி மீதும் மகன் மீதும் தபால் மூலம் மோசடி செய்ததாக வழக்கு. தீராத நோய்களைத் தீர்க்கும் சக்தி தங்களுக்கு உண்டென்று எழுதிப் பணம் பெற்றார்கள் என்பது குற்றச்சாட்டு. விசாரணை நீதிபதி ஜூரிக்குச் சொன்னது வினோதமானது: இவர்கள் சொன்னதெல்லாம் நடந்ததா என்று நீங்கள் பார்க்க வேண்டாம்; தாங்கள் சொன்னதை இவர்கள் மனசார நம்பினார்களா என்று மட்டும் பாருங்கள். உச்ச நீதிமன்றம் 1944-இல் இந்தப் பிரிவினையை அங்கீகரித்தது. மத நம்பிக்கை உண்மையா பொய்யா என்று பார்ப்பது ஜூரியின் வேலை அல்ல என்று பெரும்பான்மைக்காக எழுதியவர் நீதிபதி டக்ளஸ்.

மறுத்து எழுதியவர்களில் ஜாக்ஸன் ஒருவர். அவருடைய எதிர்ப்பு எனக்குத் தெரிந்த நல்ல விமர்சனக் கட்டுரைகளில் ஒன்று. ஒருவன் நம்பினானா என்பதை, அவன் சொன்னது நம்பத்தக்கதா என்பதிலிருந்து எப்படிப் பிரிப்பீர்கள் என்று கேட்கிறார். நம்ப முடியாத ஒன்றைச் சொன்னவனை ஜூரி சுலபமாகப் பொய்யன் என்றுவிடும். உண்மையை ஆராய வேண்டாம் என்று வாசலில் தடுத்ததை ஜன்னல் வழியாக உள்ளே விட்டது போலாகும். மேலும், போலித் தீர்க்கதரிசி செய்கிற பெரிய கேடு பணக்கேடு அல்ல, மனசுக்குச் செய்யும் கேடு. ஆனால் அரசாங்க வக்கீலின் கை எட்டாத இடத்தில் அரசியல் சட்டம் வைத்திருப்பது அதைத்தான் என்கிறார். பேச்சுக்கும் மதத்துக்கும் சுதந்திரம் வேண்டுமென்றால் நிறையக் குப்பையைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும், அதற்குக் காசும் கொடுக்க வேண்டியிருக்கும் என்பது அவர் வாதத்தின் சாரம். வழக்கையே கைவிடச் சொன்னார்.

இதைப் படித்தபோது, நம் பக்கங்களில் 'நேர்மை' என்ற சொல் படும் பாடு நினைவுக்கு வந்தது. ஒரு கவிதை நமக்குப் பிடிக்காவிட்டால் அதில் அனுபவ உண்மை இல்லை, எழுதியவன் நேர்மையாக எழுதவில்லை என்கிறோம். எப்படித் தெரியும்? கவிதை சரியில்லை என்பதிலிருந்து தெரியும். கவிதை ஏன் சரியில்லை? நேர்மை இல்லாததால். ஜாக்ஸன் பயந்த வட்டம் இதுதான். பாலர்ட் வழக்கு 1946-இல் மறுபடி உச்ச நீதிமன்றத்துக்கு வந்து, ஜூரி பட்டியலில் பெண்களையே சேர்க்கவில்லை என்ற வேறொரு காரணத்தால் தள்ளுபடியானது. அதே 1946-இல்தான் விம்ஸாட்டும் பியர்ட்ஸ்லியும், எழுதியவனின் உத்தேசத்தை வைத்துக் கவிதையை அளக்காதே என்று வாதாடும் தங்கள் கட்டுரையை வெளியிட்டார்கள். இரண்டுக்கும் தொடர்பு ஒன்றும் இல்லை. ஆனால் அதற்கும் இருபது வருஷம் முன்பே, 1926-இல், கவிதையின் கூற்றுகள் மெய் பொய் சோதனைக்கு உட்படாத ஒருவிதக் கூற்றுகள் என்று ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் சொல்லியிருந்தார். அமெரிக்கச் சட்டம் பிரசங்கத்துக்குக் கொடுத்த அந்தஸ்து கிட்டத்தட்ட அதுதான். பிரசங்கத்தை அது கவிதையாகப் பாவித்தது. சோதனையை, அதில் தப்பித் தவறி வந்துவிடும் உரைநடைக்கு மட்டும் வைத்துக்கொண்டது.

ஜிம் பேக்கர் மாட்டியது உரைநடையில். வட கரோலினாவின் ஷார்லட் நகரத்திலிருந்து இவர் நடத்திய பி.டி.எல். நிகழ்ச்சி, வெளிநாட்டு ஊழியத்துக்கென்று திரட்டிய பணத்தை உள்ளூரில் செலவழித்ததாக 1979-இல் பத்திரிகையில் செய்தி வந்தது. ஃபெடரல் கமிஷன் விசாரித்தது. மூன்று வருஷம் கழித்து நான்குக்கு மூன்று என்ற ஓட்டில், பி.டி.எல். தன்னுடைய ஒஹையோ டெலிவிஷன் நிலையத்தை விற்றுவிட்டுப் போக அனுமதித்துக் கட்டை நீதி இலாகாவுக்கு அனுப்பியது. நீதி இலாகா வழக்குத் தொடரவில்லை. உரிமத்தைக் கொடுக்கிறவனுக்கு உரிமம் வைத்திருப்பவன் மீதுதான் அதிகாரம். நிலையத்தை விற்றுவிட்டு அடுத்தவன் நிலையத்தில் நேரம் வாங்கிப் பேசுகிறவனிடம் அவன் ஒன்றும் செய்ய முடியாது.

பிறகு வந்தது ஆயுள் பங்காளித் திட்டம். தென் கரோலினாவில் ஹெரிடேஜ் யு.எஸ்.ஏ. என்ற பெயரில் கிறிஸ்தவ உல்லாச நகரம் ஒன்று எழுந்துகொண்டிருந்தது. 1984 முதல் பேக்கர் டெலிவிஷனில் சொன்னார்: 1,000 டாலர் அனுப்புங்கள்; ஆயுள் முழுக்க, வருஷத்துக்கு மூன்று இரவு இங்கே இலவசமாகத் தங்கலாம். கிராண்ட் ஹோட்டலுக்கு 25,000 பேருக்கு மேல் சேர்க்க மாட்டோம். சேர்ந்தவர்கள் 66,683 பேர். எல்லாத் திட்டங்களுக்குமாக ஏறத்தாழ 1,53,000 பங்குகள், குறைந்தது 15 கோடியே 80 லட்சம் டாலர் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் பதிவு செய்திருக்கிறது. வாக்களித்த கட்டடங்களில் முடிந்தவை கிராண்ட் ஹோட்டலும், ஐம்பது சிறு விடுதிகளில் ஒன்றும். மிச்சப் பணம் நடப்புச் செலவுக்கும் சொகுசுக்கும் போனது.

(சிரிப்பதற்கு முன் நம் ஆயுள் சந்தாக்களை நினைத்துக்கொள்ளலாம். யாருடைய ஆயுள் என்று அந்த அறிவிப்புகளில் எழுதுவதில்லை. நானும் ஒரு பத்திரிகைக்கு ஆயுள் சந்தா கட்டினேன். நான் இருக்கிறேன், நான்காவது இதழோடு அது போய்விட்டது. ஆசிரியர் சொகுசாக வாழவில்லை என்பது ஒன்றே வித்தியாசம்.)

இந்த வழக்கில் யாரும் பேக்கரின் விசுவாசத்தைத் தொட வேண்டியிருக்கவில்லை. 25,000 என்பது ஓர் எண். மூன்று இரவு என்பது மூன்று இரவு. 1987-இல் அவர் பதவியை விட்டார். 1989-இல் 24 குற்றங்களில் தண்டனை. 45 வருஷம் சிறை, 5 லட்சம் டாலர் அபராதம். ஆனால் தண்டனை சொன்னபோது நீதிபதி பாட்டர் தம்மை அடக்கிக்கொள்ளவில்லை. மதமுள்ள எங்களைப் போன்றவர்களுக்குப் பணந்தின்னிப் பிரசங்கிகளிடம் ஏமாந்து ஏமாந்து அலுத்துவிட்டது என்ற பொருள்பட ஒரு வாக்கியம் சொல்லிவிட்டார். அந்த ஒரு வாக்கியத்துக்காக 1991-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தண்டனை அளவை ரத்து செய்தது. குற்றத் தீர்ப்பு நின்றது. நீதிபதி தன் மத உணர்ச்சியை வைத்து அளந்துவிட்டாரோ என்ற சந்தேகத்துக்கு இடமிருக்கக் கூடாது. புதிய தண்டனை 18 வருஷம், பின்பு அதுவும் 8 ஆகக் குறைந்து, 1994-இல் பேக்கர் வெளியே வந்தார். ரசீதைப் படிக்கும்வரை நீதிபதிக்கு அதிகாரம் இருந்தது. ஒரு வாசகனாக, புண்பட்ட விசுவாசியாக, வாய் திறந்ததும் அது போய்விட்டது. இது அநியாயம் என்று என் நண்பர் சொல்கிறார். எனக்கு அப்படிப் படவில்லை.

இந்தத் தண்டனையிலிருந்து மற்றப் பிரசங்கிகள் என்ன பாடம் கற்றிருப்பார்கள்? ஒழுக்கம் என்று வைத்துக்கொள்வதற்கில்லை. எண்ணைச் சொல்லாதே, கட்டடத்தைச் சொல்லாதே என்பதுதான் எந்த வக்கீலும் சொல்லக்கூடிய புத்தி. அதற்கு ஏற்ற மொழி ஏற்கெனவே தயாராக இருந்தது. ஓரல் ராபர்ட்ஸ் 1970 வாக்கிலேயே 'விதை விசுவாசம்' என்ற கருத்தைப் பரப்பிவிட்டார். நீ கொடுப்பது கடனடைப்பு அல்ல, விதை. எங்கே எப்படி முளைக்கும் என்பது கடவுள் பாடு. இதை ஓர் உருவகம் என்ற முறையில் பார்த்தால் அதன் கெட்டிக்காரத்தனம் பிரமிக்க வைக்கிறது. விதை மண்ணுக்குள் போய் மறைய வேண்டும். மறைவது அதன் தர்மம். தோண்டிப் பார்க்கிறவன் பயிரைக் கெடுக்கிறான். முளைக்காவிட்டால் மண் சரியில்லை, அதாவது உன் விசுவாசம் சரியில்லை. கணக்குக் கேட்பதையே பாவமாக்கிவிடுகிற உருவகம். வேதத்தில் விதை வருகிறதே என்று சொல்லலாம். வருகிறது; அங்கே விதைப்பவன் வார்த்தையை விதைக்கிறான், வாங்கிக்கொள்கிறவன் கேட்பவன். இங்கே திசை தலைகீழாகிவிட்டது. கேட்பவன் விதைக்கிறான், பேசுபவன் நிலமாக இருந்து வாங்கிக்கொள்கிறான்.

எண் வந்த இடத்தில் உருவகம் முடிகிறது, 1,000 டாலர் விதை என்றால் அது உரைநடை, அதைச் சோதிக்கலாம் என்று ஒரு விதியை வகுக்கப் பார்த்தேன். அதுவும் நிற்காது. 1987-இல் இதே ராபர்ட்ஸ், மார்ச்சுக்குள் 80 லட்சம் டாலர் சேராவிட்டால் கடவுள் தம்மை 'வீட்டுக்கு அழைத்துக்கொள்வார்' என்று சொன்னார். எண் இருந்தது, கெடு இருந்தது. சில நிலையங்கள் அந்த நிகழ்ச்சியை ஒளிபரப்ப மறுத்தன. கடைசியில் ஃப்ளோரிடாவில் நாய்ப் பந்தய மைதானம் வைத்திருந்த ஒருவர் 13 லட்சம் டாலர் கொடுத்தார். ராபர்ட்ஸ் 2009 வரை உயிரோடிருந்தார். பணம் வராமல் அவர் பிழைத்திருந்தாலும் கடவுள் மனம் இரங்கினார் என்றிருப்பார். எந்த ஆடிட்டர் எந்தப் பக்கத்தில் இதைச் சரிபார்ப்பான்?

இந்தச் சரித்திரத்தில் என்னை அதிகமாகத் தொந்தரவு செய்தது ராபர்ட் டில்டன் விவகாரம். டெக்ஸஸிலிருந்து ஒளிபரப்பானவர், நேயர்களை 1,000 டாலர் பொருத்தனை செய்யச் சொன்னவர், அவர்கள் அனுப்பும் ஜெபக் கோரிக்கைகள் மேல் கைவைத்துத் தாமே ஜெபிப்பதாகச் சொன்னவர். 1991 நவம்பரில் ஏ.பி.சி. டெலிவிஷன், அந்தக் கடிதங்கள் ஒக்லஹோமாவின் டல்ஸா நகரத்தில் ஒரு பாங்கியின் பின்புறக் குப்பைத் தொட்டியில் கிடந்ததாகக் காட்டியது. உறைகள் நேரே பாங்கிக்குப் போயின. அங்கே பிரித்தார்கள், காசும் செக்கும் ஒரு பக்கம், கடிதம் ஒரு பக்கம். டில்டன் இதை மறுத்தார். கோரிக்கைகள் மேல் படுத்துப் படுத்து ஜெபித்ததில் மையின் ரசாயனம் தம் ரத்தத்தில் கலந்து மூளையில் பாதிப்பு வந்துவிட்டது என்று தம் நிகழ்ச்சியிலேயே சொன்னார். மை ரத்தத்தில் கலந்துவிட்டது என்று சொல்ல நம்மில் எத்தனை பேர் ஆசைப்பட்டிருக்கிறோம்!

அந்த பாங்கியில் உறை பிரித்தவர்களை எனக்குத் தெரியும் போலிருக்கிறது. அவர்கள் செய்தது தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பாங்கி கற்றுத்தருவதே இதைத்தான்: கருவியைப் பார், தேதி பார், கையெழுத்துப் பார், எண்ணும் எழுத்தும் ஒத்துப்போகிறதா பார், உடன் வந்த காகிதம் உன் விஷயமல்ல. எங்கள் கிளைக்கு ஓர் அம்மாள் ஒரு டெலிவிஷன் ஊழியத்துக்கு 500 ரூபாய் டி.டி. எடுக்க வந்தார். 'தம்பி, இதுல எம் மகன் பேரையும் எழுதிடுங்க. டயாலிஸிஸ் பண்றாங்க. அவனுக்காகத்தான்' என்றார். 'டி.டி.யில அதுக்கு இடம் இல்லீங்கம்மா' என்றேன். அவர் நகரவில்லை. பின்னால் வரிசை நின்றது. சலானைத் திருப்பி, பின்பக்கத்தில் பையனின் பெயரையும் 'கிட்னி' என்றும் எழுதினேன். திருப்தியோடு போனார். டி.டி. மட்டும்தான் ஊழியத்துக்குப் போகும். சலான் அன்று சாயங்காலம் எங்கள் வவுச்சர் கட்டில் தைக்கப்பட்டு அலமாரிக்குப் போய்விட்டது. அதை நான் அவரிடம் சொல்லவில்லை.

டில்டன் மீது டெக்ஸஸில் வழக்குப் போட்டார்கள். 1996-இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் கோடு கிழித்த இடம் கவனிக்கத்தக்கது. அவர் போதித்தது மெய்யா என்று விசாரிக்க முடியாது. ஆனால் கடிதத்தைப் படிப்பேன், தொடுவேன், அதன்மேல் ஜெபிப்பேன் என்று சொல்லிவிட்டு அந்தக் காரியங்களைச் செய்யாமலே விட்டாரா என்று விசாரிக்க மதம் தடையில்லை. படித்தல், தொடுதல், ஜெபித்தல்: முதல் இரண்டும் உடம்பின் வினைகள், சாட்சி வைக்கலாம். மூன்றாவதில் உதடு அசைந்ததா என்பது வரைதான் போக முடியும். ஒரு வாக்கியத்துக்குள் எந்த வினைச்சொல் கோர்ட்டுக்குள் வரலாம், எது வெளியே நிற்க வேண்டும் என்று இத்தனை நுட்பமாகப் பிரித்த வாசிப்பை நம் விமர்சனத்தில் நான் அதிகம் கண்டதில்லை.

சட்டசபைகள் செய்ததை வேகமாகச் சொல்லிவிடலாம், அதிகம் இல்லை. மினசோட்டா, தன் அங்கத்தினர்களிடமிருந்தே பாதிக்கு மேல் வசூலிக்கும் சபைக்கு விலக்கு, வெளியாரிடம் வாங்கும் சபைக்கு மட்டும் கணக்கு என்று 1978-இல் ஓர் ஏற்பாடு செய்தது. பழைய சபைக்கு ஒரு நீதி, புதுசுக்கு ஒரு நீதி என்பதால் 1982-இல் அது அடிபட்டது. 1984-இல் காங்கிரஸ், திருச்சபையின் கணக்கைத் திறக்க வேண்டுமானால் வருமானவரி இலாகாவின் மேலதிகாரி ஒருவர் காரணத்தை எழுத்தில் வைக்க வேண்டும் என்று விதித்தது. மற்றத் தரும ஸ்தாபனங்கள் வருஷா வருஷம் கொடுக்கும் விவரப் படிவத்தைத் திருச்சபைகள் கொடுக்கவே வேண்டாம். பேக்கர் ஊழலை அடுத்து 1987 அக்டோபரில் பிரதிநிதிகள் சபையின் துணைக்குழு ஒன்று டெலிவிஷன் ஊழியங்களைப் பற்றி விசாரணை வைத்தது. பேசினார்கள், கலைந்தார்கள்.

அவர்களுடைய தயக்கத்துக்குக் காரணம் புரிந்துகொள்ள முடிந்ததுதான். 1974 கடைசியில் இரண்டு பேர், கல்வி ஒளிபரப்புக்கென்று ஒதுக்கிய அலைவரிசைகளை மத ஸ்தாபனங்களுக்குக் கொடுப்பதை நிறுத்திவைத்து ஆராயும்படி ஃபெடரல் கமிஷனுக்கு மனுப்போட்டார்கள். கமிஷன் 1975 ஆகஸ்டில் அதை நிராகரித்துவிட்டது. ஆனால் நாத்திகப் பெண்மணி ஒருவர் மத ஒளிபரப்பையே தடை செய்யக் கேட்டிருக்கிறார் என்று வதந்தியாக அது மாறி, எப்போதோ செத்துப்போன அந்த மனுவை எதிர்த்துப் பல வருஷங்கள் லட்சக்கணக்கில் கமிஷனுக்குக் கடிதங்கள் வந்துகொண்டே இருந்தன. அந்தக் கடிதங்களை யாராவது படித்திருப்பார்களா?

2007 நவம்பரில் செனட்டர் கிராஸ்லி ஆறு டெலிவிஷன் ஊழியங்களுக்குக் கடிதம் எழுதிக் கணக்குக் கேட்டார். விமானங்கள், வீடுகள், பதவியில் இருப்போரின் சம்பளம். ஒரு கடிதத்தில் 23,000 டாலர் பெறுமான கமோட் பற்றிய கேள்வி. நம் ஊரில் இதைச் சொன்னால் எல்லோரும் கக்கூஸைத்தான் நினைப்பார்கள். அது பளிங்குக் கல் வைத்த இழுப்பறை அலமாரி. இரண்டு ஊழியங்கள் ஒத்துழைத்துச் சில சீர்திருத்தங்கள் செய்தன. மற்ற நான்கும் அரைகுறையாகப் பதில் சொன்னன அல்லது சொல்லவே இல்லை. 2011 ஜனவரியில் விசாரணை முடிந்தது. யாருக்கும் தண்டனை இல்லை, சட்டமும் வரவில்லை. ஊழியங்கள் தங்களைத் தாங்களே ஒழுங்குபடுத்திக்கொள்வது நல்லது என்ற யோசனை மிஞ்சியது.

பிரிட்டனில் வேறு வழி. அங்கே ஆஃப்காம் என்ற ஒழுங்கு ஸ்தாபனம் ஒளிபரப்புக்கு விதி எழுதியிருக்கிறது. தன் நிகழ்ச்சிக்கோ நிலையத்துக்கோ நேயர்களிடம் பணம் கேட்கும் ஒளிபரப்பாளர், எதற்கென்று சொல்ல வேண்டும், எவ்வளவு சேர்ந்தது என்று சொல்ல வேண்டும், அந்தப் பணத்துக்குத் தனிக் கணக்கு வைக்க வேண்டும், கொடுத்தவருக்குக் கூடுதல் பலன் எதையும் ஆசை காட்டக் கூடாது. மத நிகழ்ச்சி பார்ப்பவரின் பலவீனத்தை முறைகேடாகப் பயன்படுத்தக் கூடாது என்றும் ஒரு விதி உண்டு. முதல் மூன்றும் ரசீது சம்பந்தமானவை. யாரும் ஆட்சேபிக்க முடியாது. 'கூடுதல் பலன்', 'பலவீனம்' என்ற சொற்களில் ஒழுங்கு ஸ்தாபனம் வாசகனாகிவிடுகிறது. ஆசீர்வாதம் பலனா? துக்கம் பலவீனமா? நண்பருக்கு இது பிடித்திருக்கிறது. எனக்கு அந்த மேஜையைப் பார்த்தால் நியூ ஹேவன் அதிகாரியின் முத்திரைக் கட்டை ஞாபகம் வருகிறது. இருந்தாலும் அந்த டயாலிஸிஸ் அம்மாளை நினைக்கும்போது என் கட்சி அவ்வளவு உறுதியாக நிற்கவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன்.

2015-இல் ஜான் ஆலிவர் என்ற ஹாஸ்யக்காரர் தம் டெலிவிஷன் நிகழ்ச்சியில் ஒரு சபையைத் துவக்கினார். 'நிரந்தர வரிவிலக்கு மாதா' என்பது போன்ற ஒரு பெயர் வைத்து, சட்டம் இதற்கு எவ்வளவு இடம் கொடுக்கிறது என்று காட்ட, விதை அனுப்பச் சொல்லிக் கேட்டார். பணம் வந்தது; ஒரு மாதத்தில் சபையை மூடிப் பணத்தை மருத்துவ சேவைக்குக் கொடுத்தார். கூடவே சிலர் நிஜமான விதைப் பொட்டலங்களை அனுப்பியிருந்தார்கள். அந்த உருவகத்துக்கு இத்தனை வருஷத்தில் வந்த சரியான பதில் அதுதான் என்று நினைக்கிறேன்.

பேக்கர் திரும்பி வந்து மிசௌரி மாநிலத்திலிருந்து நிகழ்ச்சி நடத்தினார். 2020-இல், கொரோனா காலத்தின் தொடக்கத்தில், வெள்ளிக் கரைசல் ஒன்றை அந்த நிகழ்ச்சியில் விற்றார். அரசாங்கம் உடனே வந்துவிட்டது: மத்திய இலாகாக்களின் எச்சரிக்கைக் கடிதம், மிசௌரி மாநிலத்தின் வழக்கு. 2021-இல் வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டு சமரசம். தொகை ஒன்றரை லட்சம் டாலருக்குக் கொஞ்சம் மேல். இந்த முறை பத்து வருஷம் ஆகவில்லை, நம்பிக்கை பற்றிய பேச்சும் எழவில்லை. கையில் ஒரு பாட்டில் இருந்தது, அதற்கு ஒரு விலையும் இருந்தது.

இதையெல்லாம் நண்பரிடம் சொன்னேன். 'அப்படியானால் கோர்ட் மோசமான வாசகன்' என்றார். மோசமான வாசகனாகவே இருந்துவிட்டுப் போகட்டும், அந்த மீதி வாசிப்பு நம்முடைய வேலை, நாம் அதைச் செய்யவில்லை என்றேன். அவர் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக் காட்டினார். மூன்று மாதமாக ஞாயிற்றுக்கிழமைகளில், பணம் கேட்கும் பகுதியை மட்டும் வாக்கியம் வாக்கியமாக எழுதி வைத்திருக்கிறார். எங்கெங்கே 'நீங்கள்' 'நீ' ஆகிறது, எங்கே எதிர்காலம் நிகழ்காலமாகிறது என்று ஓரத்தில் பென்சிலால் குறித்திருக்கிறார். அடுத்த இதழுக்கு அதை எழுதித் தரும்படி கேட்டிருக்கிறேன்.